கிரேஹவுண்ட்: ஒரு பஸ் இருக்கையின் கதை

நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானத்தில் போனால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதே ஊருக்கு கிரேஹவுண்ட் பஸ்ஸில் போனால் கிட்டத்தட்ட மூன்று நாட்கள்! ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து நேராகப் போய் இறங்கிவிடவும் முடியாது. வழியில் பல ஊர்களில் வண்டி மாற வேண்டும். அதில் ஒன்றிரண்டு மாற்றம் கட்டாயம் நள்ளிரவிலோ விடியற்காலை மூன்று மணிக்கோதான் வரும். முதல் இரவில் கழுத்து பிடித்துக்கொள்ளும், இரண்டாம் நாள் கால் வீங்கும். பின் இருக்கை கிடைத்தவருக்குப் பக்கத்திலேயே கழிவறை. பக்கத்து இருக்கைக்காரர் நல்லவராக இருந்தால் அதிர்ஷ்டம்.

இவ்வளவு அவதி இருந்தும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இந்த பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன்? காரணம் எளிது. கார் வைத்திருக்கத் தேவையில்லை, லைசென்ஸ் தேவையில்லை, விமான நிலையம் இல்லாத சின்ன ஊரிலும் ஏறலாம், பெரும்பாலும் கடைசி நேரத்தில் போய்க்கூட டிக்கெட் வாங்கலாம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் போதும், வேறொரு ஊரில் வேறொரு வாழ்க்கையைத் தொடங்கப் போய்விடலாம்.

ஆனால் அமெரிக்க பஸ்ஸின் வரலாற்றைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். அந்த பஸ்ஸில் இருந்த அவதிகள் இரண்டு வகை. ஒன்று, சாலையும் இயந்திரமும் எல்லோருக்கும் கொடுத்த அவதி. இன்னொன்று, மனிதர்கள் சிலருக்கு மட்டும் கொடுத்த அவதி. முதலாவதை இன்ஜினியர்கள் சரிசெய்தார்கள். இரண்டாவதைச் சரிசெய்தவர்கள் யார்? டிக்கெட் வாங்கி உட்கார்ந்த சாதாரணப் பயணிகள்!

விற்காத காரில் தொடங்கிய கம்பெனி

1914-ம் ஆண்டு. மின்னசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊர். கார்ல் எரிக் விக்மன் என்பவர் ஸ்வீடனிலிருந்து பிழைக்க வந்தவர். சுரங்கத்தில் துளையிடும் வேலை பார்த்தார். அந்த வேலை போனதும் ஹப்மொபைல் என்ற காரை விற்கும் தொழிலில் இறங்கினார். கார் விற்கவில்லை.

ஏழு பேர் உட்காரக்கூடிய அந்தக் காரை என்ன செய்வது? பக்கத்தில் உள்ள ஆலிஸ் என்ற ஊருக்கு சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிப் போக ஆரம்பித்தார். ஒரு நடைக்கு ஒரு ஆளுக்கு 15 சென்ட். அவ்வளவுதான் கிரேஹவுண்டின் தொடக்கம். கார் வாங்க வசதியில்லாதவர்களிடம் காரை விற்க முயல்வதை விட, காரில் ஒரு இடத்தை விற்பது லாபம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முழுப் பொருளை வாங்க முடியாதவனுக்கு அதன் ஒரு பங்கை விற்பது வியாபாரத்தில் எவ்வளவு பழைய சூத்திரம்!

அடுத்த ஆண்டே, பக்கத்தில் டுலூத் நகரத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரால்ப் போகன் என்பவருடன் விக்மன் சேர்ந்துகொண்டார். பிறகு சின்னச் சின்ன கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கியும் இணைத்தும் வழித்தடங்கள் நீண்டன. 1920-களின் முடிவில் கிரேஹவுண்ட் என்ற பெயர் கம்பெனியின் அதிகாரப்பூர்வப் பெயரானது. வடக்கு விஸ்கான்சினில் ஒரு கடைக் கண்ணாடியில் ஓடும் பஸ்ஸின் பிம்பம் தெரிந்ததாம். அதைப் பார்த்த ஒருவருக்கு வேட்டை நாயின் நினைவு வந்ததாம். பெயர் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கால பஸ் என்றால் நீட்டப்பட்ட கார் என்றே சொல்லலாம். பெட்டி படுக்கை எல்லாம் கூரை மேல். சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. மின்னசோட்டா குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாடு முழுவதற்கும் பொதுவான எண்கள் போட்ட நெடுஞ்சாலைத் திட்டமே 1926-ல்தான் வந்தது.

பின்னர் 1930-களின் பொருளாதார மந்தம் வந்தது. கார் வைத்திருந்தவர்களே பலர் அதை ஓட்ட முடியாத நிலை. பஸ் அப்போது நாட்டின் பொது வாகனமாக மாறியது. 1934-ல் வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படம் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டை விட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகைக்காரரும் மியாமியிலிருந்து நியூயார்க் போகும் பஸ்ஸில் சந்திக்கும் கதை. ஐந்து முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் ஒரே நேரத்தில் வாங்கிய முதல் படம் அதுதான். கோடீஸ்வரன் மகளும் அடுத்த வேளை சாப்பாட்டுக்கு யோசிக்கிறவனும் ஒரே இருக்கையில் உட்கார வேண்டுமென்றால் கதாசிரியருக்கு பஸ்ஸை விட வசதியான இடம் ஏது?

ஆனால் அந்தப் படத்து பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடினாலும், நிஜமான பஸ் அப்படி இருக்கவில்லை.

ஒரே டிக்கெட், வேறு இருக்கை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்கள் பஸ்ஸின் பின்பக்கம்தான் உட்கார வேண்டும். வெள்ளையர்களுக்கு இடம் போதவில்லை என்றால் பின்னால் இருப்பவர்கள் எழுந்து இடம் விட வேண்டும். 'தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் சரி' என்று 1896-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு ரயில் வழக்கில் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முதல் குடிதண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். டிக்கெட் விலையை மட்டும் பிரிக்கவில்லை. அது எல்லோருக்கும் ஒன்றுதான்!

இருக்கை மட்டும்தானா பிரச்சினை? நீண்ட தூர பஸ் என்றால் சாப்பாட்டுக்கு நிற்கும், கழிவறைக்கு நிற்கும். அந்த ஹோட்டல்களில் கறுப்பர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பல இடங்களில் பின்வாசல் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும், சில இடங்களில் அதுவும் கிடையாது. அதனால் பயணம் கிளம்பும்போதே வறுத்த கோழி, அவித்த முட்டை, கேக் எல்லாம் செருப்பு அட்டைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போவது அந்தக் குடும்பங்களின் வழக்கமானது. நம் ஊர்க் கட்டுச்சோறு போலத்தான். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு ருசிக்காக மட்டும் கட்டியது அல்ல.

எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்காக ஒரு புத்தகமே வந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட 'கிரீன் புக்'. மற்றவர்களின் பயணக் கையேடு எதைப் பார்க்கலாம் என்று சொல்லும். இந்தக் கையேடு எங்கே அவமானப்படாமல் இருக்கலாம் என்று சொன்னது.

கழிவறைக்குப் போகக் கேட்டவர்

நீண்ட பஸ் பயணத்தில் எல்லோருக்கும் தெரிந்த அவதி ஒன்று உண்டு. அவசரமாக வரும், வண்டி நிற்காது. 1946-ம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று இந்த சாதாரண அவதி ஒரு மனிதனின் கண்களைப் பறித்தது.

ஐசக் வுடார்ட் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றிய கறுப்பின சார்ஜென்ட். அன்றுதான் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஜார்ஜியாவில் உள்ள முகாமிலிருந்து கிரேஹவுண்ட் பஸ் ஏறி, தென் கரோலினாவில் காத்திருந்த மனைவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். உடம்பில் இன்னும் ராணுவ உடை. வழியில் ஒரு இடத்தில் பஸ் நின்றபோது, கழிவறைக்குப் போய்வர நேரம் இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் திட்டினார். வுடார்ட் பதில் பேசினார். அவ்வளவுதான் நடந்தது.

பேட்ஸ்பர்க் என்ற ஊர் வந்ததும் டிரைவர் போலீஸைக் கூப்பிட்டார். வுடார்டை இறக்கி அடித்தார்கள். ஊர் போலீஸ் தலைவர் லத்தியால் கண்களிலேயே குத்தினார். மறுநாள் காலை விழித்தபோது அவருக்குப் பார்வை இல்லை. அப்புறம் வாழ்நாள் முழுவதும் வரவும் இல்லை. போலீஸ் தலைவர் மீது வழக்கு நடந்தது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் அவரை விடுதலை செய்தது.

நாட்டுக்காகப் போர் புரிந்தவனை உடையோடு குருடாக்கினார்கள் என்ற செய்தி ஜனாதிபதி ட்ரூமனை உலுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் சிவில் உரிமைகளுக்காக ஒரு குழு அமைத்தார். 1948 ஜூலை 26 அன்று ராணுவத்தில் இனப் பாகுபாட்டை நீக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருந்தாலும், வுடார்டின் கதை முக்கியமான ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

எழுந்திருக்காத ஐரீன் மோர்கன்

பஸ் இருக்கை என்றதும் எல்லோருக்கும் ரோசா பார்க்ஸ் ஞாபகம் வரும். 1955-ல் மான்ட்கமரியில் நடந்தது அது. டவுன் பஸ். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே வெளியூர் பஸ்ஸில் அதே போல ஒரு பெண் எழுந்திருக்க மறுத்தார். அவர் பெயர் ஐரீன் மோர்கன்.

1944 ஜூலை. மோர்கனுக்கு வயது 27. கருச்சிதைவு ஏற்பட்டு உடல் தேறிவந்த நேரம். வர்ஜீனியாவில் உள்ள அம்மா வீட்டிலிருந்து பால்டிமோர் போக கிரேஹவுண்ட் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தார். கறுப்பர்களுக்கான பகுதியில்தான் உட்கார்ந்தார். பின்னர் ஒரு வெள்ளைத் தம்பதி ஏறினார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கும்படி டிரைவர் மோர்கனையும், கைக்குழந்தையோடு பக்கத்தில் இருந்த பெண்ணையும் எழுந்திருக்கச் சொன்னார். மோர்கன் மறுத்துவிட்டார்.

டிரைவர் பஸ்ஸை நேராக சலூடா என்ற ஊர்ச் சிறைக்கு ஓட்டிப் போனார். கைது உத்தரவை நீட்டினார்கள். மோர்கன் அதைக் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தார்! மேலே கை வைத்து இழுத்த அதிகாரியை உதைத்தார். நீதிமன்றத்தில், கைதை எதிர்த்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 டாலர் அபராதம் கட்டினார். ஆனால் தவறான இருக்கையில் உட்கார்ந்த குற்றத்துக்கு விதித்த 10 டாலரை மட்டும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த 10 டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். 1946 ஜூன் 3 அன்று தீர்ப்பு மோர்கனுக்குச் சாதகமாக வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. நீதிமன்றம் 'மனிதர்கள் சமம்' என்று சொல்லி இந்தத் தீர்ப்பைத் தரவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்ற அரசியலமைப்புப் பிரிவை வைத்துத்தான் தந்தது. ஒவ்வொரு மாநில எல்லையிலும் பயணிகள் இருக்கை மாற வேண்டும் என்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு இடையூறு, ஆகவே அந்தச் சட்டம் செல்லாது என்றது. நியாயத்தின் வாசல் மூடியிருந்தது, வணிகத்தின் வாசல் வழியாக உள்ளே போனார்கள்!

ஆனால் தீர்ப்பு தாளில்தான் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க 1947 ஏப்ரலில் கறுப்பர்களும் வெள்ளையர்களுமாக 16 ஆண்கள் பஸ் ஏறினார்கள். காந்தியின் அகிம்சை வழியைப் பின்பற்றி 1942-ல் சிகாகோவில் தொடங்கப்பட்ட 'கோர்' என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதை நடத்தினார்கள். பலர் கைதானார்கள். அவர்களில் ஒருவரான பேயர்ட் ரஸ்டின் வட கரோலினாவில் 22 நாட்கள் சங்கிலிக் கைதிகளோடு சாலை வேலை செய்தார். அவர் செய்த குற்றம் பஸ்ஸில் தவறான இடத்தில் உட்கார்ந்தது.

சாண்ட்விச் கேட்ட மாணவர்

இருக்கைக்குத் தீர்ப்பு வந்தாயிற்று. ஆனால் பஸ் நிலையம்? அங்கே இருக்கும் ஹோட்டல், கழிவறை, காத்திருக்கும் அறை?

1958-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் புரூஸ் பாய்ன்டன் விடுமுறைக்கு வாஷிங்டனிலிருந்து அலபாமாவில் உள்ள தன் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் போனது டிரெயில்வேஸ் என்ற இன்னொரு கம்பெனியின் பஸ். இரவில் ரிச்மண்ட் நிலையத்தில் சாப்பாட்டுக்கு வண்டி நின்றது. கறுப்பர்களுக்கான பகுதி கூட்டமாகவும் அசுத்தமாகவும் இருந்ததால் வெள்ளையர் பகுதியில் போய் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச்சும் டீயும் கேட்டார். கைது! 10 டாலர் அபராதம்.

இந்த வழக்கையும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் தர்குட் மார்ஷல்தான். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வெளிமாநிலப் பயணிகளுக்காக நடத்தப்படும் நிலையமும் அதன் உணவகமும் பயணத்தின் ஒரு பகுதியே, அங்கேயும் பாகுபாடு கூடாது என்றது நீதிமன்றம். பசியோடு இருந்த ஒரு மாணவர் கேட்ட சாண்ட்விச்சின் பலன் இது.

எரிந்த பஸ்

இதுவும் தாளில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்று 1961 மே 4 அன்று 13 பேர் வாஷிங்டனில் பஸ் ஏறினார்கள். ஏழு பேர் கறுப்பர்கள், ஆறு பேர் வெள்ளையர்கள். சிலர் கிரேஹவுண்டில், சிலர் டிரெயில்வேஸில். நியூ ஆர்லியன்ஸ் வரை போவது திட்டம். அவர்கள் செய்யப் போனது புரட்சி ஒன்றும் அல்ல. விருப்பப்பட்ட இருக்கையில் உட்காருவது, நிலையத்தில் காபி குடிப்பது, அவ்வளவுதான். உலகத்தில் எந்த பஸ் பயணியும் செய்வது.

மே 14, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். அலபாமாவின் ஆனிஸ்டன் ஊரில் கிரேஹவுண்ட் பஸ்ஸை ஒரு கும்பல் சூழ்ந்தது. கண்ணாடிகளை உடைத்தார்கள், டயர்களைக் கிழித்தார்கள். பஸ் எப்படியோ ஊரை விட்டு வெளியே வந்தது. ஆனால் சில மைல் தாண்டுவதற்குள் டயர் காற்று இறங்கி நின்றுவிட்டது. கார்களில் துரத்தி வந்த கும்பல் உள்ளே தீயை எறிந்தது. கதவையும் திறக்கவிடாமல் தடுத்தார்கள். எப்படியோ பயணிகள் மூச்சுத் திணறியபடி வெளியே வந்து விழுந்தார்கள், அவர்களையும் அடித்தார்கள். பஸ் எலும்புக்கூடாக எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிசயம்தான். பக்கத்தில் கடை வைத்திருந்த குடும்பத்தின் 12 வயது வெள்ளைச் சிறுமி ஒருத்தி அந்தக் கும்பலுக்கு நடுவில் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் குடிக்கக் கொடுத்தாள் என்பது அந்த நாளின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதே நாளில் இன்னொரு பஸ்ஸில் போனவர்கள் பர்மிங்ஹாமில் இரும்புக் குழாய்களால் அடிக்கப்பட்டார்கள்.

மேலே போக டிரைவர்கள் மறுத்துவிட்டார்கள். முதல் குழுவினர் விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் போக வேண்டியதாயிற்று. இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. நாஷ்வில் நகரத்துக் கல்லூரி மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரக் கிளம்பினார்கள். ஏற்பாடு செய்த டயான் நாஷ் என்ற மாணவிக்கு அப்போது வயது 23. மான்ட்கமரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அடிபட்டு ரத்தம் சிந்தியவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். வயது 21. பின்னாளில் 1987 முதல் 2020-ல் இறக்கும் வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர்தான்.

அந்தக் கோடை முழுவதும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் மட்டும் 300-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். சிறை நிரம்பியது. கடைசியில் மத்திய அரசின் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் செப்டம்பர் 22 அன்று உத்தரவு போட்டது. 1961 நவம்பர் 1 முதல், இன வேறுபாடின்றி யாரும் எங்கும் உட்காரலாம் என்ற அறிவிப்பு ஒவ்வொரு பஸ்ஸிலும் வைக்கப்பட்டது. நிலையங்களில் தொங்கிய 'வெள்ளையர்', 'நிறத்தவர்' பலகைகள் இறங்கின.

சொகுசு வந்தது, கூட்டம் போனது

மனிதர்கள் கொடுத்த அவதி இப்படிப் போராடிக் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், சாலை கொடுத்த அவதியும் குறைந்தது. 1954-ல் கிரேஹவுண்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 'சீனிக்ரூசர்' பஸ் வந்தது. முன்பக்கம் தாழ்ந்த தளத்தில் 10 பேர், பின்னால் உயர்ந்த தளத்தில் 33 பேர். ஏர் கண்டிஷன், காற்று சஸ்பென்ஷன், உள்ளேயே கழிவறை! மொத்தம் 1001 வண்டிகள் செய்தார்கள். உயர்ந்த தளத்தின் பெரிய கண்ணாடி வழியாக மலையும் பாலைவனமும் சினிமா போல ஓடும். 1960-களில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக 99 டாலருக்கு 99 நாட்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று டிக்கெட் விற்றார்கள். ஐரோப்பிய மாணவர்கள் பலர் அமெரிக்காவைப் பார்த்தது இந்த டிக்கெட்டில்தான். இரவு பஸ்ஸில் தூங்கினால் ஓட்டல் வாடகையும் மிச்சம்.

ஆனால் விதியைப் பாருங்கள். 1956-ல் நாடு முழுக்க அகலமான புதிய நெடுஞ்சாலைகள் போட சட்டம் வந்தது. பஸ் வேகமாகப் போகப் பயன்பட்ட அதே சாலை, எல்லோரையும் சொந்தக் காரில் ஏற வைத்தது. தூரப் பயணத்துக்கு விமானம் மலிவானது. வசதி உள்ளவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். எல்லோரும் எங்கும் உட்காரலாம் என்ற உரிமை கிடைத்த நேரத்தில், பஸ் 'ஏழைகளின் வண்டி' ஆகத் தொடங்கியது.

1982-ல் பஸ் தொழிலின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. லாபமில்லாத ஊர்களை விட்டுவிடுவது கம்பெனிகளுக்கு சுலபமானது. 1990-ல் பெரிய வேலைநிறுத்தம், அதே ஆண்டில் கிரேஹவுண்ட் திவால் பாதுகாப்பு கேட்டது. 2021-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பிளிக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. நகர மையத்தில் இருந்த நிலையக் கட்டடங்கள் அந்த விற்பனையில் சேரவில்லை. அவற்றில் பல 2022-ல் ரியல் எஸ்டேட் முதலீட்டாளர் கைக்குப் போயின. 2023-ல் பிலடெல்பியாவில் பழைய நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் பெட்டிகளோடு நடைபாதையில் காத்திருந்தார்கள். எந்தக் காத்திருக்கும் அறையில் உட்காரலாம் என்பதற்காக அடிபட்ட நாட்டில், காத்திருக்கும் அறையே இல்லாமல் போனது.

பஸ்ஸே இல்லாத அவதி

இதை விடப் பெரிய அவதியை கனடாவில் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜ் முதல் பிரின்ஸ் ரூபர்ட் வரை ஏறக்குறைய 720 கி.மீ. நீளும் 16-ம் எண் நெடுஞ்சாலை. அதன் இன்னொரு பெயர் 'கண்ணீர் நெடுஞ்சாலை'. 1970-களுக்கு முன்பிருந்தே அந்தச் சாலையில் பல பெண்கள் காணாமல் போனார்கள், கொலை செய்யப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். கார் இல்லாத, பஸ் கிடைக்காத ஊர்களில் வழிப்போக்கர்களிடம் லிஃப்ட் கேட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் பலர்.

பஸ் விடுங்கள் என்று 2006-ல் நடந்த மாநாட்டு அறிக்கை கேட்டது. 2012-ல் விசாரணைக் குழுவும் கேட்டது. 2017-ல்தான் அந்த ஊர்களை இணைக்கும் அரசு பஸ்கள் ஓட ஆரம்பித்தன. மறுபக்கம், பயணிகள் குறைவு என்று கிரேஹவுண்ட் 2018-ல் மேற்கு கனடாவை விட்டே கிளம்பியது. 2021 மே மாதம் கனடாவின் உள்நாட்டு வழிகள் அனைத்தையும் நிறுத்தியது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அது நஷ்டம் தரும் வழித்தடம். ஆனால் அந்த பஸ் இல்லாததால் ஒரு பெண் இருட்டில் யாரோ ஒருவரின் காரில் ஏறினால், அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

இறங்கும் இடம்

ஆக, நீண்ட தூர பஸ் பயணம் சுகமானதா? இல்லை. எப்போதும் இருந்ததில்லை. விக்மனின் காரில் குளிர், மந்த காலத்தில் நெரிசல், இன்று தாமதம். கால் வீக்கமும் கழுத்து வலியும் மூன்று நாளில் போய்விடும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது நாடு முழுவதும் தரையோடு தரையாகப் பார்த்த அனுபவம், பெயர் தெரியாதவர்களோடு பகிர்ந்த பிஸ்கட், அதிக காசு இல்லாமலும் போய்ச் சேர முடிந்த நிம்மதி. இந்த லாபங்கள் எல்லாம் முதலில் ஒரு இருக்கை கிடைத்தவருக்குத்தான் என்பதைத்தான் மோர்கனும் வுடார்டும் பாய்ன்டனும் காட்டினார்கள்.

ஐரீன் மோர்கனுக்கு 2001-ல், அவருடைய 80-களில், ஜனாதிபதி கிளின்டன் விருது கொடுத்தார். மான்ட்கமரியில் மாணவர்கள் அடிபட்ட கிரேஹவுண்ட் நிலையம் இப்போது அருங்காட்சியகம். ஆனிஸ்டனில் பஸ் எரிந்த இடம் 2017 முதல் தேசிய நினைவிடம்.

இன்றும் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில், விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தோடு பெட்டியை இழுத்துக்கொண்டு யாரோ ஒருவர் பஸ் மாறிக்கொண்டிருப்பார். காலியாக இருக்கும் இருக்கை எதுவோ அதில் போய் உட்காருவார். அது யாருடைய இருக்கை என்று அவர் யோசிக்கப் போவதில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் போனதற்குத்தான் அத்தனை பேர் அடிபட்டார்கள்.